சிறிய கார் என்ஜினின் தாழ்சுழற்சி இழுவையைக் கூட்டுவது எப்படி

சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழின் 'ஏ' பிரிவில் பெட்ரோல் கார் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டுமானால், அதன் என்ஜின் 1,600 கன சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. உச்சத் திறனும் 97 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும். ஆகவே நம் குடும்பக் கார்களில் கணிசமானவை சிறிய என்ஜின் கொண்டவை. டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத இத்தகைய என்ஜின்கள் தம் முழு முறுக்குவிசையை, அதாவது அச்சைத் திருப்பும் வலுவை, பெரும்பாலும் நிமிடத்திற்கு 4,000 சுழற்சிக்கு மேல்தான் எட்டுகின்றன. நாமோ போக்குவரத்து விளக்குகளுக்கு இடையிலும், பலமாடிக் கார் நிறுத்துமிடச் சரிவுகளிலும், நெரிசல் நேரத்து மத்திய விரைவுச்சாலையிலும் 1,200 முதல் 2,500 சுழற்சிக்குள்தான் பெரும்பகுதி நேரம் ஓட்டுகிறோம். மிதியை அழுத்தியும் வண்டி இழுக்கத் தயங்குகிறது என்ற குறை இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

அந்தக் குறை எழுந்ததும் புதிய எக்ஸாஸ்ட் குழாய், திறந்த ஏர் ஃபில்டர், மிதியின் வேகத்தைக் கூட்டும் கருவி என்று பாகம் வாங்கக் கிளம்புவதே பலரின் வழக்கமாக இருக்கிறது. அது தலைகீழான வரிசை என்பது என் உறுதியான கருத்து. பத்தாண்டு நெருங்கிய காரிலோ, சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டும் காரிலோ, என்ஜின் முன்பு தந்துகொண்டிருந்த முறுக்குவிசையில் எவ்வளவு தொலைந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து மீட்பதே முதல் வேலை. டர்போ இல்லாத என்ஜினில் பாகங்களை மாற்றிப் பெறக்கூடிய லாபத்தைக் காட்டிலும் இப்படி மீட்கக்கூடியது பெரும்பாலும் அதிகம்.

முறுக்குவிசையை முதன்மையாகத் தீர்மானிப்பது, ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் சிக்கும் காற்றின் நிறை. ஸ்ட்ரோக், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் நகரும் தூரம், நீளமாக இருந்தால்தான் இழுவை கிடைக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் கொள்ளளவும் சிலிண்டரின் சராசரி அழுத்தமும் சமமாக இருந்தால், ஸ்ட்ரோக் நீண்டாலும் குறுகினாலும் முறுக்குவிசை ஒன்றுதான். டர்போ இல்லாத நல்ல என்ஜின் லிட்டருக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் வரை தரும். டொயோட்டா வியோஸில் நெடுங்காலம் இருந்த 1,497 கன சென்டிமீட்டர் என்ஜின் 4,200 சுழற்சியில் ஏறத்தாழ 142 நியூட்டன் மீட்டர் தந்தது, இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

எந்தச் சுழற்சியில் அந்த உச்சம் வரவேண்டும் என்பது வடிவமைப்பாளரின் தேர்வு. முதல் தலைமுறை ஹோண்டா ஃபிட் காரை எடுத்துக்கொள்வோம். அதன் 1.3 லிட்டர் என்ஜின், சிலிண்டருக்கு இரண்டு வால்வும் இரண்டு ஸ்பார்க் பிளக்கும் வைத்து, 2,800 சுழற்சியிலேயே 119 நியூட்டன் மீட்டரை எட்டியது. அதே காரின் 1.5 லிட்டர் வீடெக் என்ஜின் 143 நியூட்டன் மீட்டர் தந்தது. ஆனால் அதற்கு 4,800 சுழற்சி தேவைப்பட்டது. லிட்டர் கணக்கில் சிறியதன் உச்சம் குறைவு. நகரத்தில் அது எளிதாக இழுத்ததற்குக் காரணம் அந்த உச்சம் கீழே இருந்ததுதான். கீழே கூட்ட வேண்டுமானால் மேலே கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற இந்த உடன்பாடு, பின்னால் சொல்லப்போகும் எல்லா மாற்றங்களுக்கும் பொருந்தும்.

அளப்பதிலிருந்து தொடங்குங்கள்

காரின் கண்டறிதல் (ஓபிடி) இணைப்பில் செருகும் புளூடூத் கருவியும் கைப்பேசிச் செயலியும் போதும். சுழற்சி, காற்றின் வெப்பநிலை, உட்குழாயின் (என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்) அழுத்தம், தீப்பொறி நேரம், எரிபொருள் திருத்தம் (கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஆகிய ஐந்தையும் பதிவு செய்யுங்கள். கைக்கியர் காரானால், வாகனம் குறைந்த, வேக வரம்பு இடம் தரும் நேர்சாலையில், மூன்றாம் கியரில் 1,500 சுழற்சியிலிருந்து மிதியை முழுதாக அழுத்தி, 2,500 சுழற்சியை எட்ட எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். ஒரே இடத்தில், ஒரே திசையில், ஏர்கான் போட்டு ஒரு முறையும் அணைத்து ஒரு முறையும் செய்தால்தான் ஒப்பிட முடியும். தானியங்கிக் கார் மிதியை அழுத்தியதும் கீழ்க் கியருக்குத் தாவிவிடும் என்பதால், கைமுறை நிலை இருந்தால் அதில் வைத்துச் சோதியுங்கள்.

பட்டறையில் டைனோ (முறுக்குவிசையை அளந்து வரைபடமாகத் தரும் இயந்திரம்) மீது ஏற்றுவதானால் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுவது அவசியம்: ஓட்டத்தை 1,500 சுழற்சியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். உச்சத் திறனில் மட்டும் கவனம் வைத்து 2,500 அல்லது 3,000 சுழற்சியிலிருந்து தொடங்கினால், நமக்கு வேண்டிய பகுதி வரைபடத்தில் இருக்கவே இருக்காது.

தொலைந்ததை மீட்டல்

தேய்ந்த என்ஜினில் முதலில் போவது தாழ்சுழற்சி இழுவைதான். பிஸ்டன் மெதுவாக நகரும்போது, அழுத்தப்பட்ட காற்று பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாகவும் சரியாக மூடாத வால்வு வழியாகவும் கசிவதற்குப் போதிய நேரம் கிடைக்கிறது. வேகமாகச் சுழலும்போது அந்த நேரம் இல்லை. ஆகவே கம்ப்ரஷன் சோதனையை முதலில் செய்யுங்கள். என்ஜினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்து, மிதியை முழுதாக அழுத்திய நிலையில் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரும் காட்டும் அளவு கையேடு சொல்லும் குறைந்தபட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். சிலிண்டர்களுக்கு இடையே 100 கிலோபாஸ்கலுக்கு மேல் வேறுபாடு இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும். குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி என்ஜின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கும்போது அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். வால்வின் இடைவெளி இறுகிப்போனால் அது முழுதாக மூடாது. கையால் திருத்தும் அமைப்புள்ள என்ஜின்களில் இந்த இடைவெளியைச் சரிசெய்வது செலவு குறைந்த வேலை. ஆனால் வால்வுச் சத்தம் வந்தாலொழிய அதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

டைமிங் செயின் நீண்டிருந்தாலும், பெல்ட் ஒரு பல் பின்தங்கி மாட்டப்பட்டிருந்தாலும், உள்வால்வு தாமதமாக மூடும். தாமதமாக மூடினால், மெதுவாகச் சுழலும் என்ஜினில் சிலிண்டருக்குள் வந்த காற்றின் ஒரு பகுதியைப் பிஸ்டன் திரும்பக் குழாய்க்குள்ளேயே தள்ளிவிடும். வால்வு நேரத்தை மாற்றும் அமைப்புள்ள கார்களில் இதே விளைவை ஓர் அடைபட்ட எண்ணெய்க் கட்டுப்பாட்டு வால்வும் உண்டாக்கும். அந்த வால்வின் நுண்ணிய வலையில் கசடு சேர்ந்தால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட், கணினி கேட்கும் நிலைக்கு வந்து சேராது. வலையைக் கழற்றிச் சுத்தம் செய்வது பெரிய வேலையில்லை. நம் ஊர் வெயிலுக்கு எண்ணெய் கெட்டியாக இருப்பது நல்லது என்று, கையேடு குறிப்பிடாத எண்ணெயை ஊற்ற வேண்டாம். இந்த அமைப்பு எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது, குறிப்பிட்ட பாகுத்தன்மையை எதிர்பார்ப்பது.

அடுத்தது தீப்பொறி. தாழ்ந்த சுழற்சியில் மிதியை ஆழமாக அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் மிகுவதால், அந்த அடர்ந்த கலவையில் பொறி தாண்ட அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது. சமதளத்தில் ஒழுங்காக ஓடும் கார், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தின் மேல்தளச் சரிவில் ஏறும்போது மட்டும் ஒரு நொடி விட்டு ஒரு நொடி திக்குகிறது என்றால், பெரும்பாலும் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் ஒன்று பலவீனமாகியிருக்கிறது அல்லது பிளக்கின் இடைவெளி விரிந்துவிட்டது. பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானின் மேல் பென்சில் கோடு போன்ற மெல்லிய கரிய தடம் ஓடுகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அப்படி இருந்தால் மின்சாரம் முனையில் தாண்டாமல் வெளிப்புறமாக வழிந்திருக்கிறது; பிளக்கோடு காயிலின் ரப்பர் உறையையும் மாற்றியாக வேண்டும்.

கரிப்படிவு இருவகையில் கெடுக்கிறது. பிஸ்டன் தலையில் படியும் கரி வெப்பத்தைப் பிடித்துவைத்து, கலவையின் ஒரு பகுதி தானாக வெடித்து எரியும்படி என்ஜினைத் தட்டவைக்கும். தட்டலைக் கேட்கும் சென்சார் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். தாமதமான தீப்பொறி முறுக்குவிசையைக் குறைக்கும். பாலியீதரமைன் கலந்த எரிபொருள் துப்புரவுத் திரவம் இந்தப் படிவை ஓரளவு கரைக்கும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் என்ஜின்களிலோ உள்வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை. அங்கே சேரும் கரியை எந்தத் திரவத்தைத் தொட்டியில் ஊற்றினாலும் நீக்க முடியாது. உட்குழாயைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

இங்கே 92, 95, 98 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கின்றன. 98க்கு மாறினால் இழுவை கூடும் என்பது, சென்சார் ஏற்கெனவே தீப்பொறியைப் பின்தள்ளிக்கொண்டிருந்தால் மட்டுமே உண்மை. இரண்டு தொட்டி ஓட்டியபின், அதே சரிவில் தீப்பொறி நேரம் முன்னைவிட முன்னேறியிருக்கிறதா என்று பதிவில் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் கையேடு சொல்லும் எரிபொருளுக்கே திரும்பிவிடலாம்.

எரிபொருள் திருத்தம் என்ஜின் சும்மா ஓடும்போது 10 விழுக்காட்டுக்கு மேல் கூடி, 2,500 சுழற்சியில் இயல்புக்குத் திரும்பினால், எங்கோ ரப்பர் குழாய் வெடித்துக் காற்று கசிகிறது. மாறாக, சுமை ஏற ஏற அது கூடினால் காற்றளவு சென்சார் அழுக்காகியிருக்கலாம் அல்லது எரிபொருள் பம்ப் தளர்ந்திருக்கலாம். ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு சொல்: அதை உரிய காலத்தில் மாற்றுங்கள், ஆனால் அதனால் 1,500 சுழற்சியில் இழுவை கூடும் என எதிர்பார்க்க வேண்டாம். அந்தச் சுழற்சியில் என்ஜின் உறிஞ்சும் காற்று மிகக் குறைவு. அடைபட்ட ஃபில்டரின் தடை உயர்சுழற்சியில்தான் தெரியவரும்.

வெப்பமும் ஏர்கானும்

சிங்கப்பூரில் இந்த இரண்டும் தனியே பேசப்பட வேண்டியவை. குளிர்நாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இவற்றைத் தொடுவதே இல்லை. நமக்கோ இவை ஆண்டு முழுவதும் உள்ள சுமை.

கணக்கு எளிது. முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் வைத்து, சுழற்சியால் பெருக்கி, 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 1.5 லிட்டர் என்ஜின் 1,500 சுழற்சியில் 120 நியூட்டன் மீட்டர் தந்தால் அதன் முழுத் திறன் ஏறத்தாழ 19 கிலோவாட்தான். ஏர்கான் கம்ப்ரசர் அதில் 2 கிலோவாட்டை எடுத்துக்கொண்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. வாயு அளவுக்கு மேல் நிரப்பப்பட்டிருந்தாலும், கண்டென்சரின் (ரேடியேட்டருக்கு முன்னால் ஏர்கான் வாயுவைக் குளிர்விக்கும் பாகம்) விசிறி தளர்ந்திருந்தாலும், கம்ப்ரசர் இன்னும் கூடுதலாக உழைக்கும். காரைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துபவர்கள் முன் பம்பரின் வழியாக டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். காய்ந்த சிற்றிலைகள் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே பாய் விரித்ததுபோல் அடைந்து கிடப்பதைக் காணலாம். அதிக அழுத்தமில்லாத நீரால், தகடுகள் வளையாதபடி, என்ஜின் பக்கத்திலிருந்து முன்புறமாக அவற்றைக் கழுவி வெளியேற்றுங்கள்.

காற்றின் அடர்த்தி வெப்பத்தோடு குறையும். உள்ளே வரும் காற்று 35 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்கு ஏறினால், அதே கொள்ளளவில் சுமார் 9 விழுக்காடு குறைவான காற்றே இருக்கும்; போதாததற்கு, கணினி தட்டலுக்கு அஞ்சித் தீப்பொறியையும் தாமதப்படுத்தும். என்ஜின் அறைக்குள் திறந்த கூம்பு ஃபில்டரைப் பொருத்துபவர்கள், நெரிசலில் நிற்கும்போது ரேடியேட்டரின் வெந்த காற்றையே என்ஜினுக்கு ஊட்டுகிறார்கள். உறிஞ்சும் ஓசை பெரிதாவதால் திறன் கூடியதாகத் தோன்றுகிறது. வெப்பநிலைப் பதிவு வேறு கதை சொல்லும். தொழிற்சாலை வைத்த மூடிய பெட்டியையும், கிரில்லின் பின்னாலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் குழாயையும் அப்படியே வைத்திருங்கள். விபத்துப் பழுதுபார்ப்பில் அந்தக் குழாய் விடுபட்டுப்போவதும் உண்டு என்பதால், அது தன் இடத்தில் இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

சக்கரமும் கியரும்

சாலையில் உணரப்படும் இழுவை, என்ஜினின் முறுக்குவிசை கியர் விகிதத்தால் பெருகி, சக்கரத்தின் ஆரத்தால் வகுபட்டு வருவது. 185/60 அளவுள்ள 15 அங்குல டயரின் விட்டம் 603 மில்லிமீட்டர். 195/65 போட்டால் அது 634க்கு மேல் போகிறது. ஒரே டயர் மாற்றத்தில் ஐந்து விழுக்காடு இழுவை போய்விட்டது. பல எக்ஸாஸ்ட் மாற்றங்கள் தருவதாகச் சொல்லப்படும் லாபத்துக்கு இது சமம். கனமான பெரிய ரிம் போட்டிருந்தால், அசல் அளவுக்கோ எடை குறைந்த ரிமுக்கோ திரும்புவதே நான் முதலில் பரிந்துரைக்கும் செலவு.

சிவிடி கியர்பெட்டிகள் (விகிதம் படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறுபவை) எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டி என்ஜினை வேண்டுமென்றே 1,300 சுழற்சியை ஒட்டி வைத்திருக்கும். அங்கே உணரும் பலவீனம் என்ஜினுடைய குறையாக இருக்க வேண்டியதில்லை. சரிவுகளில் 'எஸ்' நிலைக்கு மாற்றுங்கள். எண்ணெயைத் தயாரிப்பாளர் குறிப்பிடும் வகையில் மட்டும் மாற்றுங்கள். மிதியோடு இணைக்கும் கருவிகளோ மிதியின் முதல் பாதியிலேயே, காற்று நுழையும் திராட்டில் கதவைக் கூடுதலாகத் திறப்பவை. முழுதாக அழுத்தினால் கிடைப்பது அவற்றோடும் அவையின்றியும் ஒன்றே.

இதற்கு மேல் வேண்டுமானால்

எந்தப் பாகத்தையும் வாங்குமுன், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையப்பக்கத்தில், உங்கள் மாற்றம் அனுமதி தேவைப்படாததா, தேவைப்படுவதா, தடைசெய்யப்பட்டதா என்று பாருங்கள். எக்ஸாஸ்ட், டர்போ, என்ஜின் மாற்றம் ஆகியவற்றில் பட்டறையின் வாய்மொழியை நம்பாமல் எழுத்தில் உறுதி பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

எக்ஸாஸ்ட் வாயுவுக்குத் தடை இருந்தால்தான் தாழ்சுழற்சி இழுவை கிடைக்கும் என்பது தவறான விளக்கம். தடை எந்தச் சுழற்சியிலும் உதவாது. உதவுவது, குறுகிய நீண்ட குழாயில் வாயு விரைந்து ஓடும்போது பின்னால் உண்டாகும் உறிஞ்சல். ஆகவே விட்டம் பெருத்த குழாய் கீழே இழுவையைக் கெடுக்கும். நான்கு குழாய்கள் இரண்டாகி, பின் ஒன்றாகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, நான்கும் ஒரே இடத்தில் கூடுவதைக் காட்டிலும் தாழ்சுழற்சிக்கும் நடுச்சுழற்சிக்கும் ஏற்றது. உட்குழாயிலும் இதே தர்க்கம்தான்: நீளமும் குறுகலும் கீழே உதவும், குட்டையும் அகலமும் மேலே உதவும்.

கேம் நேரம் மாறாத பழைய என்ஜினில், திருத்தக்கூடிய கேம் பல்சக்கரம் பொருத்தி, உள்கேமை இரண்டு முதல் நான்கு டிகிரி முன்னகர்த்தினால், உச்ச முறுக்குவிசை கீழே இறங்கிவரும். வால்வும் பிஸ்டனும் மோதாத இடைவெளி இருக்கிறதா என்று அளந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். அமுக்க விகிதத்தை 10இலிருந்து 11ஆக உயர்த்தினால் எல்லாச் சுழற்சிகளிலும் இரண்டு, மூன்று விழுக்காடு கூடும். ஆனால் என்ஜினைத் திறந்து செய்ய வேண்டிய வேலை அது, வேறு காரணத்துக்காகத் திறக்கும்போது மட்டுமே தகும். எடை குறைந்த ஃபிளைவீல் (என்ஜின் அச்சின் முனையில் சுழலும் கனமான சக்கரம்) முறுக்குவிசையைக் கூட்டாது. கைக்கியர் காரை நகர்த்துவதை அது இன்னும் கடினமாக்கும்.

கணினி மறுநிரலாக்கம் டர்போ இல்லாத என்ஜினில் சில விழுக்காட்டுக்கு மேல் தருவதில்லை. டர்போ என்ஜினில் அது பெரிய மாற்றம், ஆகவே பெரிய பொறுப்பும்கூட. வோக்ஸ்வாகனின் 90 கிலோவாட் 1.4 லிட்டர் டர்போ என்ஜின் 1,500 சுழற்சியிலேயே 200 நியூட்டன் மீட்டரைத் தந்து 4,000 வரை அதை நிலைநிறுத்தியது. இத்தகைய என்ஜினில் கீழ்ப்பகுதி அழுத்தத்தை மேலும் கூட்டினால், தீப்பொறிக்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் தாழ்சுழற்சி முன்பற்றல் நேரலாம். ஒரே முறை நேர்ந்தாலும் பிஸ்டனின் ரிங் மேடு (ரிங்குகளுக்கு இடையிலுள்ள பகுதி) உடையக்கூடும். 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தர எண்ணெய்கள் இதைத் தடுக்கும் சோதனையில் தேறியவை. அவற்றையே ஊற்றுங்கள், உயர் கியரில் 2,000 சுழற்சிக்குக் கீழே மிதியை முழுதாக அழுத்துவதைத் தவிருங்கள். கியர்பெட்டியின் தாங்குதிறனையும் கேட்டறிய வேண்டும்: அந்த என்ஜினோடு பல கார்களில் வந்த ஏழு கியர் உலர்கிளட்ச் பெட்டி 250 நியூட்டன் மீட்டருக்கு வடிவமைக்கப்பட்டது. நிரலாளரிடம் உச்ச முறுக்குவிசையை அந்த எல்லைக்குக் கீழே கட்டச் சொல்லி, கட்டிய அளவை டைனோ வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் காரை விடாதீர்கள்.